செவலையின் வயிற்றில் இருந்தது

“இத வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறக்கூடாது. எறங்குங்க” என்றார் நடத்துநர்.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற பஸ். காலை நேரக் கூட்டம். என் மடியில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதை ஈரத்துணியால் சுற்றி, மேலே இரண்டு பிளாஸ்டிக் பைகளைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். அப்படியும் நாற்றம் வெளியே வந்துவிட்டது. வெறும் சாண வாசனை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இது நோய்கொண்ட மாட்டின் கழிச்சல். முன்சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பின்னால் யாரோ எலி செத்துக் கிடக்கிறது என்று சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார்.

பைக்குள் என்ன என்று நடத்துநர் கேட்டபோது மறைக்கவில்லை. மாட்டுச் சாணம், விருதுநகர் ஆய்வகத்தில் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

“டிக்கெட் எடுத்திருக்கேன்” என்றேன்.

“டிக்கெட்டு ஒங்களுக்கு. சாணத்துக்கு இல்ல.”

“அப்ப அதுக்கும் ஒண்ணு கிழிங்க.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திருத்தங்கலில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனார். நான் பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். சாணம் ஆறிப் பழசாகிவிட்டால் பயன் இல்லை என்று எங்கள் பக்கத்து மாட்டு டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த பஸ் எப்போது வரும், அதன் நடத்துநர் எப்படி இருப்பார், யாருக்குத் தெரியும்? இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

செவலை

என் அண்ணன் வீட்டுப் பசு ஈன்ற கிடாரிக் கன்று அது. நான் பட்டாசு வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில், சாத்தூர்ப் பக்கம் இருக்கும் அண்ணன் ஒருநாள் மினிவேனில் ஏற்றிக்கொண்டு வந்து, “வளத்துக்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜெர்சிக் கலப்பு. ஈரச் செங்கல் நிறம். செவலை என்று கூப்பிட்டோம்.

வேலையை விட்டது ஏன் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஸ்வநத்தம் போகும் வழியில் ஒரு கம்பெனி. நான் திரி செருகும் அறையில் இருந்தேன். பக்கத்து அறை வெடித்தது. அந்த அறையில் இருந்தவள் ராமலட்சுமி. காலையில் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, இன்றைக்கும் புளிச்சோறுதானா என்று கேலி செய்துவிட்டுப் போனவள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அன்றைக்கு அதைவிட அதிகம் பேரை உட்கார வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த கேட்டுக்குள் நான் கால் வைக்கவில்லை.

பட்டாசு வேலைக்குப் போகிறவர்களை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் வேறு வேலை என்ன இருக்கிறது? மானாவாரி நிலம், மழை பெய்தால் உண்டு. கூலிக்குக் களையெடுத்த எங்கள் அம்மாமார் எல்லாரும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போய்த்தான் எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். வெடிமருந்து வாசனை மூக்கில் பட்டால் கை நடுங்கும். செவலைக்குப் புல் அறுக்கும்போது அந்தக் கை நடுங்குவதில்லை.

செவலை முதல் கன்று போட்ட பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு நிமிர்வு வந்தது. காலையும் மாலையும் கேன் எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்கு நடப்பேன். பட்டாசுக் கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு என்னைக் கடந்து போகும். ஜன்னல் வழியே கை காட்டுவார்கள். நானும் காட்டுவேன்.

தொண்டை அடைப்பான் என்றார்கள்

மழை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய மாதங்கள். காடெல்லாம் காய்ந்துவிட்டது. கண்மாய்த் தண்ணீர் வற்றி உள்ளே போகப் போக, அந்த ஈர ஓரத்தில் மட்டும் பச்சைப் பசேலென்று புல் நின்றது. ஊர் மாடு எல்லாம் அங்கேதான். செவலையையும் அங்கேதான் விட்டேன்.

முதலில் பால் குறைந்தது. பிறகு தீனி குறைந்தது. பிறகு கழிச்சல் பிடித்துக்கொண்டது. தண்ணீராகப் பீய்ச்சி அடிக்கும். வால், பின்னங்கால், சுவர் என்று எல்லாம் நாறியது. மருந்துக்கடையில் குடற்புழு மாத்திரை வாங்கிப் போட்டேன். கேட்கவில்லை. ஒருநாள் காலையில் தாடைக்குக் கீழே வீக்கம் கண்டது. தண்ணீர் நிரப்பிய பை போலத் தொங்கியது.

வீக்கத்தைப் பார்த்ததும் தொண்டை அடைப்பான் என்று யாரோ சொன்னார்கள். மாடு வளர்ப்பவர்களுக்கு அந்தப் பெயரே போதும். தொற்றிக்கொண்டு தொழுவத்தையே காலி செய்கிற நோய். அன்றைக்குச் சாயந்திரமே பொதுத் தொட்டியில் என் மாடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார்கள். செவலை கறந்த கொஞ்சப் பாலையும் சொசைட்டியில் வாங்கவில்லை. மறுநாள் மாட்டுத் தரகர் வாசலில் வந்து நின்றார். உயிரோடு இருக்கும்போதே தள்ளிவிட்டால் தோலுக்காவது ஆகும் என்றார். போய்விட்டு வாருங்கள் என்று சொன்னேன். அவர் போன பிறகுதான் அழுதேன்.

அதே வாரத்தில் கம்பெனி போர்மேன் அண்ணாச்சியும் வந்தார். நல்ல மனிதர்தான். ஆர்டர் பிடித்தாகிவிட்டது, ஆள் பற்றவில்லை, மாடும் இப்படி ஆகிவிட்டது, இன்னும் எதற்கு வீம்பு என்று கேட்டார். வெளி ஷெட்டில் பேக்கிங் தருகிறேன், மருந்துப் பக்கமே வர வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரர் காளிராஜ் அப்போது அதே கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார். போகலாமே என்று அந்தப் பார்வை சொன்னது. நான் மாட்டைப் பார்த்தேன். போகவில்லை.

கொழுந்தனின் மனு

அடுத்து வந்தவர் என் கொழுந்தன் பால்பாண்டி. காளிராஜுக்கு இளையவர். கோபக்காரர், ஆனால் அவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. அவர் மனைவி அதே கம்பெனியில் கையுறை இல்லாமல் வெடிமருந்து கலந்து, இரண்டு உள்ளங்கையும் வெடித்து, சோறு பிசையக்கூட முடியாமல் கரண்டியில் சாப்பிடுகிறாள்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மருந்துப் பாத்திரம் கழுவிய சாம்பல் நிறத் தண்ணீர் அதில் போகும். செவலை அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இப்படி ஆனது என்றார் கொழுந்தன். வருகிற திங்கட்கிழமை சூலக்கரையில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போவதாகவும், மாட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட விரும்பினேன். ராமலட்சுமியைக் கொண்டுபோனவர்கள்தான் என் செவலையையும் கொண்டுபோகிறார்கள் என்றால் என் ஆத்திரத்துக்கு ஒரே இடம் கிடைத்துவிடும். ஆனால் எதனால் என்று தெரியாமல் வாசலில் நிறுத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை. முதலில் டாக்டர் பார்க்கட்டும் என்றேன்.

எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அப்போதுதான் ஒரு பெண் மருத்துவர் மாற்றலாகி வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். காய்ச்சல் பார்த்தார். தாடை வீக்கத்தை விரலால் அழுத்தினார். பிசைந்த மாவில் பதிவதுபோல் குழி அப்படியே நின்றது. கண் இமையைத் திருப்பிக் காட்டினார். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

தொண்டை அடைப்பான் என்றால் உடம்பு கொதிக்கும், மூச்சு இழுக்கும், இத்தனை நாள் தாங்கியிருக்காது என்று விளக்கினார். இது ரத்தம் செத்துப்போனதால் வந்த நீர்வீக்கம். புழுவாக இருக்கத்தான் வாய்ப்பு. ஆனால் போட்ட மாத்திரை கேட்கவில்லை என்பதால் எந்தப் புழு என்று பார்க்காமல் இந்த நிலைமையில் மருந்தை ஊற்றப் பயமாக இருக்கிறது என்றார். வாய்க்கால் விஷயத்தைக் கேட்டேன். பரிசோதிக்காமல் ஆம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன் என்றார். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் போடுகிற சாணத்தை விருதுநகருக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்.

அப்படித்தான் நான் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

கறுப்புத் தட்டு

திருத்தங்கல் வந்தது. நடத்துநர் விசில் ஊதிவிட்டு என் பக்கம் வந்து நின்றார். நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என்னைத் தொட்டுத் தூக்கியா இறக்க முடியும்? ஒரு நிமிடம் நின்றார். அதற்குள் முன்சீட்டுப் பெண், மூக்கை மூடியபடியே, “மாடு வச்சிருக்கவுகளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. போகட்டும் விடுங்க” என்றார். நடத்துநர் இரட்டை விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. விருதுநகர் வரை அவர் என் பக்கம் வரவில்லை.

ஆய்வகத்தில் வயதான ஒரு மருத்துவர் இருந்தார். பாட்டிலைத் திறந்து முகம் மாறாமல் பார்த்தார். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அடியில் படிய விட்டு, மேல் தண்ணீரை வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றி, மறுபடி வடித்தார். அடியில் படிந்ததைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சொல்லும்படியாகப் புழு முட்டை எதுவும் இல்லையே என்றார்.

முட்டை இல்லை என்றால் புழு இல்லை. புழு இல்லை என்றால் வாய்க்கால்தான். என் ஆத்திரத்துக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். செவலை பிழைக்காது என்பதுதான் மனதில் ஓடியது.

அவர் எங்கள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். மாடு எங்கே மேய்கிறது என்று டாக்டரம்மா கேட்டிருப்பார் போல. போனைக் காதில் வைத்தபடியே என்னிடம் கேட்டார். கண்மாய்க்குள் என்றேன். நத்தை உண்டா? உண்டு, புல் தண்டெல்லாம் நத்தைதான்.

போனை வைத்துவிட்டு மிச்சச் சாணத்தைச் சல்லடையில் கொட்டி, தண்ணீர் விட்டு அலசினார். தங்கியதை ஒரு கறுப்புத் தட்டில் பரப்பி என்னைக் கூப்பிட்டார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நொய்யரிசி அளவில், வெளிர்ச் சிவப்பாக, ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒன்று மெல்ல நெளிந்தது.

“குஞ்சுப் புழும்மா. தட்டைப்புழு. முட்டை போடுற வயசு இன்னும் வரல. அதான் முட்டையக் காணோம்” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். மாட்டின் சாணத்தோடு முட்டை தண்ணீரில் விழுகிறது. பொரிந்த புழு நத்தைக்குள் போய் வளர்ந்து, வெளியே வந்து, புல்லில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் வற்றும் காலத்தில் அந்தப் புல்லைத் தின்கிற மாட்டின் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் இறங்கிச் சதையைக் கவ்விக்கொள்கிறது. பெரிதானதும் மேலேறி இரைப்பைக்குப் போய்விடும். அங்கே அதனால் பெரிய தொல்லை இல்லை. குடலில் இருக்கும் இந்தக் குஞ்சுப் பருவம்தான் மாட்டைக் கொல்கிறது. கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை வேறு புழுவுக்கானது. இதற்குத் தனி மருந்து உண்டு.

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் மேல் சந்தேகப்பட்டிருந்தேன். அத்தனையும் செய்தது இந்த நொய்யளவுப் பிராணி.

செய்ததும் செய்யாததும்

சாயந்திரம் கொழுந்தன் வந்தார். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் முகம் இறுகியது. மனு தயாராகிவிட்டது, செவலைதான் அதில் முதல் விஷயம், மாட்டைக் காட்டினால்தான் பேப்பர்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்றார்.

“புழுவுன்னு ஒங்களுக்கும் டாக்டரம்மாவுக்குந்தான மதினி தெரியும். திங்கக்கெழம வரைக்கும் வாயத் தொறக்காம இருங்க. அது போதும்.”

“அவுக செஞ்சது எம்புட்டோ இருக்கு தம்பி” என்றேன். “ராமலட்சுமி செத்தது இருக்கு. ஒங்க வீட்டுல கை வெந்து கெடக்கு. அதயெல்லாம் எழுதுங்க, மொத ஆளா நான் கையெழுத்துப் போடுறேன். செவலைய எழுதாதீக. செய்யாத ஒண்ணச் சொன்னோம்னா, செஞ்சதயும் பொய்யின்னு சொல்லிருவாக.”

“கம்பெனிக்காரன் ஒங்களுக்கு என்ன தர்றேன்னான்?”

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்தார். “ஏலே, யாருகிட்டப் பேசுறன்னு பாத்துப் பேசு” என்றார். கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் டாக்டரம்மா வந்து மருந்தை அளந்து புகட்டினார். சில நாள் இடைவெளிவிட்டு இன்னொரு முறை கொடுக்க வேண்டும், அதுவரை தாங்கினால் பிழைத்துக்கொள்ளும் என்றார். அன்று மதியமே செவலை படுத்துவிட்டது. எழவில்லை. வைக்கோலை மூட்டையாகக் கட்டி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தோம். ஒரே பக்கம் படுத்தால் புண் வரும் என்று நானும் என் வீட்டுக்காரரும் பிடித்துப் புரட்டினோம். லோடு தூக்கும் தோள் அவருக்கு. அன்றைக்குத்தான் அது என் வேலைக்கு வந்தது. கம்பங்கூழைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன்.

திங்கட்கிழமை வந்தது. செவலையை அவரிடம் விட்டுவிட்டு நான் சூலக்கரைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கலெக்டர் அலுவலக மரத்தடியில் கொழுந்தனும் ஊர்க்காரர்கள் சிலரும் நின்றிருந்தார்கள். மனுவைக் கொடுங்கள் என்றேன். வாங்கி வாசித்தேன். கையுறை இருந்தது. வாய்க்கால் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இருந்தது. அறைக்குள் கூட்டமாக உட்கார வைப்பது இருந்தது. மாடு இல்லை. அதை எடுத்துவிட்டு மனுவையே புதிதாக எழுதியிருந்தார்கள். நான் எல்லாருக்கும் மேலே என் பெயரைப் போட்டேன்: செல்லத்தாய். கொழுந்தன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

செவலை விஷயத்தில் கம்பெனிமேல் பழி சொல்ல மறுத்தேன் என்பது மட்டும் போர்மேன் அண்ணாச்சிக்கு முதலில் எட்டியிருக்கிறது. மறுநாளே ஒரு கிலோ காராச்சேவோடு வந்தார். நியாயமான மனுஷி என்று முதலாளியே சொன்னதாகச் சொன்னார். நான் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது என்றேன். அவர் சேவை எடுத்துக்கொண்டு போகவும் முடியாமல் வைத்துவிட்டுப் போகவும் முடியாமல் நின்றார். கடைசியில் எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே என் வீட்டுக்காரருக்கு லோடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேப்பர் கட்டு ஏற்றப் போனார். பட்டாசுப் பெட்டியைவிட கனம்தான், ஆனால் அது வெடிக்காது என்றார்.

கண்மாய் ஓரம்

இரண்டாவது முறை மருந்து கொடுத்த பிறகு ஒரு விடிகாலையில் வைக்கோலைக் கடிக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். செவலை முட்டுக் கொடுத்திருந்த மூட்டையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. எழுந்து நிற்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. நின்றபோது நான்கு காலும் நடுங்கின. விழவில்லை.

அதற்குள் ஊரில் வேறு மாடுகளுக்கும் தாடை வீங்கத் தொடங்கிவிட்டது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கண்மாய் ஈரத்தில் விடாதீர்கள், மேட்டுப் புல்லை அறுத்து வந்து காயவைத்துப் போடுங்கள், தாடை வீங்கினால் காத்திருக்காதீர்கள் என்றேன். கேட்டவர்கள் சிலர். மற்றவர்கள், அடைப்பான் மாடு வைத்திருந்தவள் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்றார்கள். ஊர்ப் புல்லை மேய்க்கக் கூடாது என்று சொல்ல நீ யார் என்று ஒருவர் கேட்டார். நான் ஊரைவிட்டுப் போகிறவள் இல்லை, தினமும் சொல்வேன் என்றேன். தினமும் சொன்னேன். கண்மாய்க் கரையில் நின்று சொன்னேன். இரண்டு வீடுகளில் பசு செத்தது. சொன்னது பலித்துவிட்டதே என்று நொந்துகொண்டு மறுநாளும் கரைக்குப் போனேன்.

டாக்டரம்மா மேலிடத்தில் பேசி மருந்து வரவழைத்து முகாம் போட்டார். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு முன்னால் மாடுகள் வரிசையாக நின்றன. கொழுந்தன் தன் உழவு மாட்டைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றார். அவர் முறை வந்தபோது மாடு முரண்டு பிடித்தது. நான் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை உயர்த்தினேன். டாக்டரம்மா மருந்தை ஊற்றினார். கொழுந்தன் என்னைப் பார்க்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

இன்றுவரை அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மனு கொடுத்ததில் கம்பெனியில் கையுறை வந்தது. வாய்க்கால் தண்ணீரை யாரோ வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு என்ன என்று கேட்டு இன்னமும் நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் மட்டும் அவர் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

செவலை பழைய அளவு பால் கறப்பதில்லை. குடலில் பட்ட காயம் முழுதாக ஆறவில்லை என்கிறார் டாக்டரம்மா. போன தை மாதம் ஒரு கிடாரி போட்டது. நான் விற்கவில்லை.

இந்த வருடமும் மழை பெய்யும். கண்மாய் நிறையும், வற்றும். நத்தையும் வரும். கரையில் நானும் நிற்பேன்.